பல்துறை ஆய்வும் தொழிலாளர் வகுப்புகளும்: பிரித்தானிய அனுபவம் குறித்துச் சில சிந்தனைகள்

1

சமூக நீதி எந்தத் துறைக்குரிய பாடம் என்னும் வினா பல்கலைக்கழகங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. ஒரு நெசவுத் தொழிலாளியின் கூலி ஏன் குறைந்தது என்பதைப் பொருளியலாளர் ஆராய்வர். கூலி உயர்வு கேட்டமைக்காக அவன் எவ்வாறு தண்டிக்கப்பட்டான் என்பது சட்டத்துறையினருக்குரியது. அவனுடைய தந்தை எந்தக் கிராமத்திலிருந்து, எக்காரணத்தால் வெளியேற நேர்ந்தது என்பதை வரலாற்றாசிரியர் கூறுவர். தறியருகே அவன் பாடிய பாடல் அச்சேறியிருப்பின் இலக்கிய மாணவரிடமும், அச்சேறாதிருப்பின் நாட்டார் வழக்காற்றியலாளரிடமும் போய்ச் சேரும். ஒரு மனிதனின் ஒரே வாழ்க்கை நான்கு கட்டடங்களில் நான்கு பாடங்களாகப் பயிலப்படுகின்றது. இவ்வாறு கூறுபட்டதை மீண்டும் ஒன்றாக நோக்கும் முயற்சியையே பல்துறை ஆய்வு என்கிறோம்.

இம்முயற்சியின் தோற்றம் பற்றி வழக்கமாகத் தரப்படும் விளக்கம் ஒன்றுண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆற்றல்மிக்க அறிஞர் சிலர் தத்தம் துறைகளின் எல்லைகளைக் கடந்து சிந்தித்தனர் என்றும், அவர்கள் எழுதிய நூல்களிலிருந்து புதிய ஆய்வுநெறி பிறந்தது என்றும் அவ்விளக்கம் கூறும். நூலிலிருந்து நூல் பிறப்பதாகக் கொள்ளும் இப்பார்வை கருத்துமுதல்வாதத்தின் சாயல் கொண்டதாகும். எத்தகைய சமூக உறவுகளுக்குள் நின்று அந்நூல்கள் எழுதப்பட்டன என்ற வினாவை அது எழுப்புவதேயில்லை.

பிரித்தானியாவின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு அவ்வினாவுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். பல்கலைக்கழகத்தின் மதிலுக்கு வெளியே தொழிலாளரோடு நடத்தப்பட்ட வகுப்புகளே அங்கு துறைகளின் எல்லைகளைத் தகர்த்தன என்பதும், அவ்வுறவு தளர்ந்தபோது அங்கு பிறந்த ஆய்வுநெறி மற்றுமொரு துறையாகச் சுருங்கியது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படும். நமது தமிழியல் ஆய்வின் ஒரு முக்கிய கிளை அதே மண்ணில் பயிற்சி பெற்றதாகையால், இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

2

1903ஆம் ஆண்டில் அல்பேட் மான்ஸ்பிறிட்ஜ் என்பவரால் தொடக்கப்பட்ட அமைப்பு, இரண்டாண்டுகளின் பின் தொழிலாளர் கல்விச் சங்கம் என்னும் பெயரைப் பெற்றது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தோடு இச்சங்கம் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, 1908 ஜனவரியில் ஆர். எச். டோனி என்னும் இளம் ஆசிரியர் இரு நகரங்களில் வகுப்புகளை ஆரம்பித்தார். ஒன்று மட்பாண்டத் தொழில் நிறைந்த லோங்ரன். மற்றையது பருத்தி ஆலைகளின் நகரமான றொச்டேல். 

இவ்வகுப்புகளின் அமைப்பு மனங்கொள்ளத்தக்கது. ஒவ்வொரு வகுப்பும் மூன்றாண்டுகள் தொடர்ந்து நடைபெறும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் கூடுவர். முதல் மணி நேரம் விரிவுரைக்கு உரியது. இரண்டாவது மணி நேரம் முழுவதும் கலந்துரையாடலுக்கு உரியது. மாணவர்கள் கட்டுரை எழுதுதல் வேண்டும். ஆனால் பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. எதைப் படிப்பது என்பதைத் தீர்மானிப்பதில் மாணவர்க்கு உரிமை இருந்தது. 

இரண்டாவது மணி நேரமே நமது பொருளுக்கு இன்றியமையாதது. பரீட்சைக்கு அஞ்சும் மாணவன் ஆசிரியர் வகுத்த பாடத்தின் எல்லைக்குள்ளேயே கேள்வி கேட்பான். பகல் முழுவதும் சூளையருகே உழைத்துவிட்டு மாலையில் வந்து அமரும் தொழிலாளிக்கு அந்த அச்சம் இல்லை. தன் வாழ்நிலையை விளங்கிக்கொள்வதற்காகவே அவன் வந்திருக்கிறான். கூலியைப் பற்றிய கேள்வி நிலவுடைமை பற்றிய கேள்வியாகும். அது பாராளுமன்றச் சட்டத்துக்குச் செல்லும். அங்கிருந்து திருச்சபையின் போதனைக்குத் திரும்பும். பொருளியல் எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது என்பது அவனுக்குப் பொருட்டன்று. அக்கேள்விகளுக்கு முகங்கொடுக்கும் ஆசிரியன் தனது துறைக்குள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

டோனி 1912இல் வெளியிட்ட நூல், பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குடியானவர்கள் நிலத்தை இழந்த வரலாற்றை ஆராய்வது. பொருளியல், அரசியல் பற்றிய சிக்கல்களில் நூல்களிலிருந்து எளிதிற் பெறமுடியாத பாடங்களை நெசவாளரும் சுரங்கத் தொழிலாளரும் மட்பாண்டத் தொழிலாளரும் பொறித் தொழிலாளரும் தமக்குக் கற்பித்தனர் என்று அதன் முன்னுரையில் அவர் நன்றி கூறுகின்றார். இதனைச் சம்பிரதாயமான பணிவுரையாகக் கொள்ளலாகாது. பொருளியல் வரலாறு என்னும் துறை பிரித்தானியாவில் உருப்பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், அதன் முதன்மையான ஆசிரியர்களுள் ஒருவர் தமது பயிற்சிக்களம் எது என்பதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

3

எனினும், இவ்வகுப்புகளை முரண்பாடற்ற ஒரு நற்பணியாகச் சித்திரித்தல் வரலாற்றுக்கு மாறானதாகும். பல்கலைக்கழகமும் அரசும் வழங்கும் பணத்திலே தொழிலாளருக்குக் கல்வி அளிக்கப்படுமாயின், அக்கல்வி யாருடைய நலனுக்கு ஏவல் செய்யும்? இக்கேள்வி 1909இல் வெடித்தது.

தொழிலாளருக்காக 1899இல் ஒக்ஸ்போட் நகரில் நிறுவப்பட்ட றஸ்கின் கல்லூரியில் பயின்ற மாணவர்களுட் பலர் சுரங்கத் தொழிலாளரும் புகையிரதத் தொழிலாளருமாவர். மார்க்சியத்தையும் சமூகவியலையும் தங்கள் பாடத்திட்டத்தின் மையத்தில் வைக்கவேண்டும் என்று அவர்கள் கோரினர். அவர்களுக்கு அனுதாபம் காட்டிய அதிபர் டெனிஸ் ஹேட் பதவி நீக்கப்பட்டபோது மாணவர்கள் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தனர். அவ்வாண்டிலேயே அவர்களும் அவர்களது ஆதரவாளரும் மத்திய தொழிற் கல்லூரி என்னும் சுதந்திரமான நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனமும் புகையிரதத் தொழிலாளர் சங்கமும் அதற்குத் தோள்கொடுத்தன. பிற்காலத்தில் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையை உருவாக்கிய அனூறின் பெவன் அக்கல்லூரியின் மாணவராவார்.

ஆக, இரு போக்குகள் உருவாகின. பல்கலைக்கழகத்தோடு இணைந்து நின்ற தொழிலாளர் கல்விச் சங்கம் ஒன்று. தொழிற்சங்கங்களின் பணத்தில் இயங்கிய சுதந்திரக் கல்வி இயக்கம் மற்றொன்று. முன்னதற்கு நிதியும் நிலைபேறும் இருந்தன. ஆனால் வர்க்கப் போராட்டத்தின் கூர்முனை மழுங்கியது. பின்னதற்குக் கூர்மை இருந்தது, நிலைபேறு இருக்கவில்லை. 1926ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம் தோல்வியுற்றுத் தொழிற்சங்கங்களின் நிதி வற்றியபின், 1929இல் மத்திய தொழிற் கல்லூரி மூடப்பட்டது. இத்திகதிகளைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

4

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பல்கலைக்கழகங்களின் புறநிலைப் படிப்புத் துறைகள் விரிவடைந்தன. அவற்றில் ஆசிரியர்களாகச் சேர்ந்த மூவர் இங்கு நமது கவனத்துக்குரியோர். 1946இல் ஹல் பல்கலைக்கழகத்தின் சார்பிலே கற்பிக்கத் தொடங்கிய றிச்சட் ஹொகாட், லீட்ஸ் நகரின் தொழிலாளர் குடியிருப்பொன்றில் வளர்ந்தவர். அதே ஆண்டில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் சார்பிலே தென் இங்கிலாந்தின் சிறு நகரங்களுக்குச் சென்ற றேமன்ட் வில்லியம்ஸ், வேல்ஸ் எல்லைக் கிராமமொன்றின் புகையிரத சமிக்ஞைத் தொழிலாளியின் மகன். 1948இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நியமனம் பெற்று, யோர்க்‌ஷயரின் கம்பளி நெசவு நகரங்களில் வகுப்பெடுத்த ஈ. பி. தொம்ப்சன், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், மத்தியதர வர்க்கத்தினர்.

மூவரும் இலக்கியம் கற்பித்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. தொம்ப்சன் வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்தார். இவர்களது வகுப்புகளுக்குரிய வினாக்களிலிருந்தே அடுத்தடுத்து மூன்று நூல்கள் பிறந்தன. ஹொகாட் 1957இல் வெளியிட்ட, எழுத்தறிவின் பயன்கள் பற்றிய நூல், தொழிலாளர் குடும்பங்களின் அன்றாட வாழ்வையும் அவர்களுக்கென அச்சிடப்பட்ட மலிவு வெளியீடுகளையும் ஒருங்கே ஆராய்ந்தது. வில்லியம்ஸின் ‘பண்பாடும் சமூகமும்’ 1958இல் வந்தது. பண்பாடு என்னும் சொல் கைத்தொழிற் புரட்சியின் காலத்திலிருந்து எவ்வாறு பொருள் மாறிவந்தது என்பதை அது வரலாற்று நெறியில் விளக்கியது. தொம்ப்சனின் ‘ஆங்கிலத் தொழிலாள வர்க்கத்தின் உருவாக்கம்’ 1963இல் வெளிவந்தது.

இம்மூன்றாவது நூலைச் சற்று நின்று நோக்குதல் தகும். வர்க்கம் என்பது புள்ளிவிபர அட்டவணையிலே காணப்படும் ஒரு பொருளன்று, மனிதர் தம் அனுபவத்தினூடாக உருவாக்கிக்கொள்ளும் உறவு என்பது அதன் அடிப்படைக் கருத்தாகும். இக்கருத்தை நிலைநாட்ட ஆசிரியர் எடுத்தாளும் சான்றுகளைப் பாருங்கள்: கூலிக் கணக்குகள், அரச ஒற்றரின் இரகசிய அறிக்கைகள், நீதிமன்றப் பதிவுகள், மெதடிஸ்த திருச்சபையின் பிரசங்கங்கள், வில்லியம் பிளேக்கின் கவிதை, இயந்திரங்களை உடைத்தோர் அனுப்பிய அநாமதேயக் கடிதங்கள். எந்த ஒரு துறையின் பயிற்சியும் தனித்து நின்று இவையனைத்தையும் கையாளப் போதாது. தாம் வகுப்பெடுத்த மாவட்டத்தின் கடந்தகாலத்தையே அவர் பெருமளவில் எழுதினார். அவருக்கு எதிரே அமர்ந்திருந்தோரின் பாட்டன்மாரே அந்நூலின் பாத்திரங்கள்.

அவ்வகுப்புகளுக்குள்ளும் போராட்டம் இருந்தது. லீட்ஸ் துறையின் தலைவராயிருந்த சிட்னி றேபோல்ட், புறநிலை வகுப்புகளிலும் பல்கலைக்கழகத் தரம் பேணப்படல் வேண்டும் என வலியுறுத்தினார். அத்தகைய தரம் என்னும் கோட்பாட்டுக்கு எதிராகத் தொம்ப்சன் 1950இல் ஓர் அறிக்கை எழுதினார். தரம் என்ற சொல்லின் பின்னால் மறைந்திருக்கும் வர்க்க மனப்பான்மையை அவர் சுட்டிக்காட்டினார். றேபோல்டின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. தொழிலாளிக்குத் தரம் குறைந்த கல்வியே போதும் என்பது அவமதிப்பாகும் என்பதே அவ்வாதத்தின் உட்கிடை. ஆயினும் தரத்தை வரையறுப்பவர் யார் என்ற கேள்வி எஞ்சியே நின்றது. 1968இல் லீட்ஸில் ஆற்றிய நினைவுப் பேருரையில், கல்வியும் அனுபவமும் ஒன்றையொன்று திருத்தும் உறவிலே நிற்றல் வேண்டும் எனத் தொம்ப்சன் மீண்டும் வாதிட்டார்.

வில்லியம்ஸ் 1986இல் நிகழ்த்திய உரையொன்றில் இவ்விடயத்தை நேரடியாகவே எடுத்துரைத்தார். பண்பாட்டு ஆய்வின் தோற்றத்தை மேற்கூறிய நூல்களிலிருந்து கணக்கிடுவது தவறு. நூல்கள் அச்சில் எஞ்சியிருப்பதால் அவ்வாறு தோன்றுகிறது. அவ்வேலை பல ஆண்டுகளுக்கு முன்னரே வளர்ந்தோர் கல்வி வகுப்புகளில் நடைபெற்றது என்பது அவர் கூறியதன் சாரம். வகுப்புகளில் பேசப்பட்டவை அச்சேறவில்லை. அவற்றிற் பேசிய பெரும்பாலோரின் பெயர்களும் வரலாற்றில் இல்லை.

5

1964இல் ஹொகாட் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டாய்வு நிலையத்தை நிறுவினார். அரச நிதியைக் காட்டிலும் பெங்குவின் பதிப்பகத்தின் நன்கொடையே அதன் தொடக்கத்துக்கு உதவியது. அவருக்குத் துணையாக வந்த ஸ்ருவாட் ஹோல், ஜமேய்க்காவிற் பிறந்து, ஒக்ஸ்போட்டில் பயின்று, இலண்டனில் பாடசாலை ஆசிரியராகவும் இடதுசாரிச் சஞ்சிகையின் ஆசிரியராகவும் பணியாற்றியவர். 1968 முதல் 1979 வரை நிலையத்தை அவரே வழிநடத்தினார்.

இக்காலத்தின் சிறந்த விளைவு 1978இல் ஐவர் இணைந்து வெளியிட்ட, நெருக்கடியும் காவல்துறையும் பற்றிய நூலாகும். 1972இல் பேர்மிங்ஹாமின் ஹான்ட்ஸ்வேத் பகுதியில் நடந்த ஒரு வழிப்பறிச் சம்பவத்துக்காக மூன்று இளைஞர் தண்டிக்கப்பட்டனர். ஒருவருக்கு 20 ஆண்டுகள். ஏனைய இருவருக்கும் தலா 10 ஆண்டுகள். இத்தண்டனையின் கொடுமை ஆய்வாளரை உலுக்கியது. குற்றத்தைக் குறிக்க அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான ஒரு சொல்லைப் பத்திரிகைகள் எவ்வாறு பரப்பின, நீதிபதிகள் அச்சொல்லை எவ்வாறு எடுத்தாண்டனர், கறுப்பின இளைஞன் என்னும் உருவம் எவ்வாறு கட்டியெழுப்பப்பட்டது, பொருளாதார நெருக்கடியில் சிக்கிய அரசு சட்டம் ஒழுங்கு என்னும் கோஷத்தை ஏன் நாடியது என்பனவற்றையெல்லாம் அந்நூல் ஒரே சங்கிலியாகக் கோத்துக் காட்டியது. அயலில் நிகழ்ந்த ஓர் அநீதியிலிருந்தே சட்டம், சமூகவியல், மொழியாய்வு, அரசியற் பொருளியல் ஆகியன ஒன்றிணைந்தன.

ஆயினும், நீதியை ஆராய்ந்தோர் தம்மிடையே நிலவிய அநீதியைக் காணத் தவறினர் என்பதையும் கூறவேண்டும். 1969இல் றஸ்கின் கல்லூரியில் நடைபெற்ற வரலாற்றுப் பயிலரங்கொன்றில், பெண்கள் வரலாறு பற்றி ஆராயக் கூடவேண்டும் என்று ஷீலா றோபொதம் அறிவித்தபோது ஆண்களிடமிருந்து எழுந்தது சிரிப்பொலியே. அச்சிரிப்புக்குக் கிடைத்த விடையாக 1970இல் அதே கல்லூரியில் பெண்விடுதலை இயக்கத்தின் முதலாவது தேசிய மாநாடு கூடியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். பேர்மிங்ஹாம் நிலையத்திலும் பெண்கள் தமக்கெனத் தனிக்குழு அமைத்து 1978இல் தமது தொகுதியை வெளியிட வேண்டியிருந்தது. இனவாதத்தையும் பேரரசின் எச்சங்களையும் பற்றிய தொகுதி 1982இலேயே வந்தது. றொச்டேல் ஆலைகளுக்குப் பருத்தி எங்கிருந்து வந்தது, யாருடைய உழைப்பில் விளைந்தது என்ற கேள்வி, ஆங்கிலத் தொழிலாள வர்க்கத்தின் வரலாற்றில் உரிய இடத்தைப் பெற அத்தனை காலம் சென்றது. காலனித்துவ நாட்டு வாசகர் இக்குறையை மறத்தல் இயலாது.

2001இல் நடத்தப்பட்ட அரச ஆய்வுத் தர மதிப்பீட்டில் எதிர்பார்த்த புள்ளியைப் பெறவில்லை என்பதைக் காரணங்காட்டி, 2002இல் பல்கலைக்கழக நிருவாகம் அந்நிலையத்தின் வழிவந்த துறையை மூடிவிட்டது. மாணவரும் பல நாட்டு அறிஞரும் எதிர்ப்புத் தெரிவித்தனர், பயனில்லை. 1909இல் ஓர் அதிபர் நீக்கப்பட்டபோது சுரங்கத் தொழிலாளரும் புகையிரதத் தொழிலாளரும் புதிய கல்லூரியொன்றையே எழுப்பித் தந்தனர். 2002இல் அவ்வாறு முன்வரத்தக்க சக்தி எதுவும் வெளியே இருக்கவில்லை. சுரங்கத் தொழிலாளரின் சங்கம் 1984-85 வேலைநிறுத்தத்திலே முறியடிக்கப்பட்டிருந்தது. 1926இன் தோல்விக்கும் 1929இன் மூடலுக்கும் இடையே இருந்த உறவு, வேறொரு வடிவில் மீண்டும் தென்படுகின்றது. உழைக்கும் மக்களின் அமைப்புகள் பலமிழக்கும்போது, அவர்களைப் பற்றிய ஆய்வும் தன் பாதுகாப்பை இழக்கின்றது. அக்காலத்தில் பண்பாட்டு ஆய்வு உலகின் பல பல்கலைக்கழகங்களில் தனித்துறையாகத் தழைத்திருந்தது என்பதும் உண்மையே. துறைகளை எதிர்த்துப் பிறந்தது, ஒரு துறையாக வெற்றிபெற்று, ஒரு துறைக்குரிய அளவுகோலினாலேயே தன் பிறப்பிடத்தில் வீழ்த்தப்பட்டது.

6

பண்பாட்டாய்வு நிலையம் தோன்றிய அதே பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், 1937 முதல் 1970 வரை கிரேக்க மொழிப் பேராசிரியராக விளங்கியவர் ஜோர்ஜ் தொம்சன். மார்க்சியரான இவர், அந்நகரின் தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் வகுப்புகள் நடத்தியவர். இளமையில் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கற் தீவின் மீனவரோடு வாழ்ந்து அவர்களது மொழியைக் கற்றார். எழுத்தறிவு பரவாத அம்மக்களின் நாவில் கவிதை இயல்பாக வழங்குவதைக் கண்ட பின்னரே ஹோமரின் காவியங்கள் தமக்கு விளங்கின என்று அவர் எழுதியுள்ளார். 1941இல் வெளிவந்த, ஈஸ்கிலசும் ஏதென்சும் பற்றிய அவரது நூல் மானிடவியல், மொழியியல், பொருளியல் வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு கிரேக்க நாடகத்தின் தோற்றத்தை விளக்கியது.

இவரது வழிகாட்டலிலேயே க. கைலாசபதி 1966இலும், கா. சிவத்தம்பி 1970இலும் கலாநிதிப் பட்டம் பெற்றனர். கைலாசபதியின் ஆய்வு, சங்கப் பாடல்களைக் கிரேக்க, அயர்லாந்து, வேல்ஸ் வீரயுக வாய்மொழி மரபுகளோடு ஒப்பிட்டு, பாணர் முதலியோரின் சமூகநிலையோடு இணைத்து நோக்கியது. 1968இல் ஒக்ஸ்போட்டிலிருந்து நூலாக வெளிவந்தது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய சிவத்தம்பியின் ஆய்வு 1981இல் நூலுருப் பெற்றது. பண்பாட்டாய்வு நிலையத்துக்கும் தொம்சனின் கிரேக்கத் துறைக்குமிடையே நேரடித் தொடர்பு இருந்தது என்று நான் வாதிடவில்லை. இரண்டும், ஏட்டுக் கல்வியைக் கல்லாதாரின் வாழ்வோடு உரசிப்பார்த்த ஒரே மரபின் இரு கிளைகள் என்பதே எனது கருத்து.

ஆனால் இவ்வறிஞரின் பல்துறை நோக்கு முழுவதையும் பேர்மிங்ஹாமின் கொடையாகக் காண்பதும் பிழையாகும். 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் வழியே, பல்கலைக்கழக வாயிலைக் காணாத எழுத்தாளர் பலர் இலக்கியத்துள் நுழைந்தனர். முடிதிருத்தும் நிலையத்தில் தொழில் செய்தவாறே எழுதிய டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வந்தது. அடக்கப்பட்ட சாதியினரின் பேச்சுமொழி அச்சேறியபோது அதனை இழிசனர் வழக்கு எனப் பண்டிதர் சிலர் தூற்றினர். இலக்கண நூலை மட்டும் கையிற் கொண்டு அத்தூற்றலுக்கு விடை கூற முடியாது. சாதியமைப்பின் வரலாறும், நிலவுடைமையின் பொருளியலும், மொழியின் சமூக இயல்பும் அவ்விடைக்கு வேண்டியிருந்தன. கைலாசபதியையும் சிவத்தம்பியையும் துறைகளின் எல்லைகளுக்கு அப்பால் தள்ளிய கேள்விகள் இவையே. பிரித்தானிய ஆசிரியருக்கு மாலை வகுப்பு எதுவோ, நம்மவருக்கு முற்போக்கு எழுத்தியக்கம் அதுவாயிற்று.

7

நமது நிலை ஓர் அம்சத்தில் வேறுபட்டது. அங்கே பல்கலைக்கழகம் தொழிலாளரிடம் சென்றது. இங்கே, 1945இன் இலவசக் கல்வியும், 1960இலிருந்து கலைத்துறைகளுக்கு வந்த தாய்மொழிப் போதனையும், விவசாயிகளினதும் தொழிலாளரினதும் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கொண்டுவந்தன. டோனி புகையிரதம் ஏறித் தேடிச் சென்ற மாணவன், நமது விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான். அவன் அறிந்த வாழ்க்கையிலிருந்து கேள்வி கேட்கும் இரண்டாவது மணி நேரத்தை நாம் அவனுக்கு அளித்திருக்கிறோமா? விரிவுரைக் குறிப்பை எழுதிப் பரீட்சையில் ஒப்புவிக்கும் முறை, அவன் கொண்டுவந்த அறிவை வாயிலிலேயே கழற்றி வைக்கச் செய்கின்றது. தோட்டத்திலிருந்து வந்த மாணவி பட்டம் பெறும்போது, தன் தாயின் நாட்கூலியைப் பற்றிப் பேசும் மொழியை மறந்திருப்பாளாயின், சமூக நீதி பற்றி அவள் எழுதிய ஆய்வேட்டின் பயன் என்ன?

பல துறைகளின் நூற்பெயர்களை ஓர் ஆய்வேட்டில் அடுக்கிவைப்பதால் மட்டும் பல்துறை ஆய்வு பிறந்துவிடாது. இங்கு நோக்கிய வரலாறு மூன்று எளிய சோதனைகளைத் தருகின்றது. ஆய்வின் கேள்வியை முதலில் கேட்டவர் யார்? விடை அவரிடம் திரும்பிச் சென்றதா? அது அவர் மறுத்துப் பேசக்கூடிய மொழியில் இருந்ததா? பேராதனையைச் சூழ்ந்த மலைகளிலே தேயிலை கொய்வோரும், யாழ்ப்பாணத்தின் தோட்டக் காணிகளிலே பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்போரும் நமது ஆய்வுகளுக்குத் தகவல் தந்தோராக நெடுங்காலமாகவே இடம்பெற்று வந்துள்ளனர். மூன்றாண்டு காலம் வாரந்தோறும் அவர்களோடு அமர்ந்து, ஒரு மணி நேரம் பேசி, ஒரு மணி நேரம் கேட்கும் ஏற்பாடொன்றைத் தொடங்குவதற்குப் பெருநிதி தேவையில்லை. றொச்டேலில் அது ஓர் ஆசிரியரோடும், முப்பதளவான தொழிலாளரோடும் தொடங்கக்கூடியதாக இருந்தது.